சுண்டித் திறக்கும் கத்தி: தேய்மானம் எங்கே நிகழ்கிறது



மடக்குக் கத்தியை இரு கையால் மெல்லத் திறந்தாலும் ஒரு கையால் சுண்டித் திறந்தாலும், அலகு சுற்றுவது அதே அச்சாணியில், அதே அரைவட்டம்தான். வேறுபாடு அந்த அரைவட்டத்தின் கடைசி முனையில் இருக்கிறது. மெல்லத் திறக்கும்போது அலகின் வேகத்தை விரல்களே அடக்கிவிடுகின்றன. சுண்டும்போது அந்த வேகம் முழுவதும் கத்திக்குள்ளேயே ஏதோ ஓர் இடத்தில் மோதித்தான் அடங்க வேண்டும். சுண்டித் திறப்பதால் கத்தி கெடுமா என்று கேட்டால், கெடும் என்று சாதிப்பவர்களும் கெடாது என்று சாதிப்பவர்களும் அந்த இடம் எது என்று பார்ப்பதில்லை. அது கத்திக்குக் கத்தி மாறுகிறது. எந்த உலோகத்தால் ஆனது, எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதும் மாறுகிறது. அதனால் விடையும் மாறுகிறது.

ஒரு கையால் வேகமாகத் திறப்பதில் மூன்று வழிகள் உண்டு. அலகில் உள்ள குமிழையோ வட்ட ஓட்டையையோ கட்டைவிரலால் நெம்பிச் சுண்டுவது ஒன்று. அமெரிக்காவின் கொலராடோவில் சால் கிளெஸர் நிறுவிய ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-இல் வெளியிட்ட 'வொர்க்கர்' கத்தியின் அலகில் அப்படியோர் ஓட்டை இருந்தது. ஒரு கையால் திறக்கும் கத்திகள் அதற்குப் பின் பெருகின. மூடிய கத்தியின் முதுகுப்புறம் துருத்தி நிற்கும் சிறு காதை ஆள்காட்டி விரலால் இழுத்துவிடுவது இன்னொன்று. இதற்கு ஃபிளிப்பர் என்று பெயர். மூன்றாவது வழியில் விரல் அலகைத் தொடுவதே இல்லை. பிடியைப் பற்றிக்கொண்டு மணிக்கட்டை உதற, அலகு தன் எடையால் வெளியே வந்து விழுகிறது.

முதல் இரண்டுக்கும் மூன்றாவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. விரலால் சுண்டும்போது அலகுக்குக் கிடைக்கும் உந்துதலுக்கு விரல் எட்டும் தூரமே எல்லை. விரல் விலகியதும் உந்துதல் நின்றுவிடும். உதறும்போது கையின் முழு வீச்சும் அலகோடு சேர்ந்துகொள்கிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்காகும். சுண்டுவதையும் உதறுவதையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே தீர்ப்பை வழங்குவதுதான் இந்த விவாதத்தின் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

அந்த அடி எவ்வளவு பலமானது என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். அலகின் எடை 45 கிராம், அச்சாணியிலிருந்து நுனிவரை நீளம் 9 செ.மீ. என்று கொள்ளலாம். நன்றாகச் சுண்டினால் அலகு பத்தில் ஒரு நொடி அளவில் திறந்துவிடும். நுனி நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் வந்து நிற்கும். அதில் உள்ள ஆற்றல் ஒரு ஜூலில் எட்டில் ஒரு பங்குதான். 100 கிராம் எடைக்கல்லைப் பன்னிரண்டு செ.மீ. உயரத்திலிருந்து மேசைமேல் போட்டால் உண்டாகும் அளவு. கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆற்றலைத் தாங்கி அலகை நிறுத்தும் தடுப்பாணி அச்சாணிக்கு வெகு அருகில், ஐந்து மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. ஒன்பது செ.மீ. நீளத்துக்கு வீசி வரும் உலோகத்தை ஐந்து மில்லிமீட்டரில் பிடித்து நிறுத்த வேண்டும். ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் அது நிற்கிறது என்று வைத்தால், அந்தக் கணத்தில் தடுப்பாணிமேல் விழும் விசை ஆயிரம் நியூட்டனைத் தாண்டும். நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் அது.

அடி தடுப்பாணியோடு முடிவதில்லை. கீலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டையைச் செருகிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினால், கட்டை நசுங்குவதற்கு முன் கீலின் திருகுகள் பிடுங்கிக்கொள்ளும். மடக்குக் கத்திக்குள் நடப்பதும் அதுதான். அலகின் அடிப்பகுதி தடுப்பாணியில் மோதி நின்றதும், அலகு அந்த ஆணியையே மையமாக்கிச் சுற்ற முனைகிறது. அச்சாணி மறுதிசையில் இழுபடுகிறது. தடுப்பாணி வாங்கும் அடிக்கு ஏறக்குறையச் சமமான அடியை அச்சாணியும் வாங்குகிறது. அதனால்தான் அதிகம் உதறிய கத்திகளில் தடுப்பாணி பார்வைக்குச் சிறு தழும்போடு நன்றாகவே இருக்கும். அச்சாணித் துளையோ வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருக்கும்.

இதே கணக்கை வேலை செய்யும் கத்திக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். தடித்த அட்டைப்பெட்டியையோ மரக்குச்சியையோ அறுக்கும்போது, அச்சாணியிலிருந்து ஆறு செ.மீ. தள்ளி அலகின்மேல் பத்துக் கிலோ அழுத்தம் விழுந்தால், தடுப்பாணிமேல் ஏறும் பாரம் 1200 நியூட்டன். சுண்டும்போது ஒரு கணம் விழுந்த அதே அளவுதான் இது. அறுக்கும் வேலையில் அழுத்தம் அலகை மேலும் திறக்கும் திசையிலேயே தள்ளுகிறது; அதைத் தாங்குவதற்கென்றே தடுப்பாணி இருக்கிறது. சரியாகச் செய்த கத்தி ஒரு சுண்டலைத் தாங்காது என்று சொல்வதற்கு இடமில்லை. அட்டைப்பெட்டியைத் தாங்கும் கத்தி சுண்டலையும் தாங்கும்.

அப்படியானால் சேதம் எங்கிருந்து வருகிறது? எண்ணிக்கையிலிருந்து. வேலைக்காக நாளுக்கு இருபது முறை திறக்கப்படும் கத்தி ஆண்டுக்கு 7300 முறை திறக்கிறது. உட்கார்ந்த இடத்தில் கைப்பழக்கமாக நாளுக்கு இருநூறு முறை சுண்டினால் ஆண்டுக்கு 73,000. பத்தாண்டில் நிகழ வேண்டிய தேய்மானம் ஓராண்டில் நிகழ்ந்துவிடுகிறது. இரண்டாவது காரணம், அறுக்கும்போது ஏறும் பாரம் மெல்ல ஏறி மெல்ல இறங்குவது. சுண்டும்போது வருவதோ சம்மட்டி அடி. ஒரே இடத்தில் ஓயாமல் அடி விழுந்தால் மென்மையான உலோகம் நசுங்கி ஓரம் வழியும். அச்சாணியைப் பிடித்திருக்கும் மரையும் தளரும்.

இந்த நசுங்கல் கத்தியின் ஆயுள் முழுவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதுக் கத்தியில் இரண்டு உலோகப் பரப்புகள் மேடு பள்ளங்களோடு சந்திக்கின்றன. முதல் சில நூறு திறப்புகளில் மேடுகள் நசுங்கி, தொடும் பரப்பு அகலமாகி, உலோகமும் அடிபட்டுச் சற்று இறுகுகிறது. அதன்பின் தேய்மானம் வெகுவாகக் குறைந்துவிடும். புதிதில் கரகரத்த கத்தி சில வாரங்களில் வழுக்கிக்கொண்டு திறப்பது இதனால்தான். இந்தக் கட்டத்தில் பூட்டு சற்று உள்ளே நகர்வதைக் கண்டு பதற வேண்டியதில்லை. நகர்வது நிற்காமல் தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பூட்டு வகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் கேள்வி தெளிவடையும். மிகவும் பாதிக்கப்படுவது முதுகுப்பூட்டு வகை. இதற்குப் பெயர்பெற்ற சான்று, 1964-இல் அமெரிக்காவின் பக் நிறுவனம் வெளியிட்ட 110 என்ற வேட்டைக் கத்தி. பித்தளைக் கன்னங்களும் மரப் பக்கங்களும் கொண்டது, கையில் எடுத்தால் 200 கிராம் கனக்கும். நகத்தால் இழுத்து இரு கையால் திறப்பதற்காகச் செய்யப்பட்டது அது. அந்தக் கனமே அதை உதறத் தூண்டியது. பிடியைப் பற்றி அலகை உதறியும், அலகின் முதுகைப் பற்றிப் பிடியையே உதறியும் ஒரு தலைமுறை அமெரிக்க இளைஞர்கள் அதைத் திறந்து பழகினார்கள்.

அந்தக் கத்தியில் தனியே தடுப்பாணி கிடையாது. முதுகில் ஓடும் பூட்டுச் சட்டத்தின் மூக்கு, அலகின் அடியில் உள்ள வெட்டுப்பள்ளத்தில் விழுகிறது. அலகு மேலும் திறக்காமல் தடுப்பதும் அந்த மூக்கே, மடங்காமல் பிடிப்பதும் அந்த மூக்கே. உதறி வந்த அடி முழுவதும் அதன்மேல் விழுந்து, அங்கிருந்து சட்டத்தைத் தாங்கும் நடு ஆணிக்கும் அலகின் அச்சாணிக்கும் போகிறது. இரண்டும் அடித்துப் பரப்பிய ஆணிகள். திருகி இறுக்க வழியில்லை. சுற்றியிருப்பதோ பித்தளை. பள்ளத்தின் ஓரம் மழுங்கி ஆணித்துளை அகன்றதும், திறந்த அலகை மேலும் கீழும் அசைத்தால் கடகடக்கும். உதறிப் பழகிய பழைய முதுகுப்பூட்டுக் கத்திகளில் இந்த ஆட்டம் சகஜம். மெல்லத் திறந்து மூடப்பட்ட அதே வயதுக் கத்திகள் பல இன்றும் அசையாமல் நிற்கின்றன. கத்தியை உதறுவது கெடுதல் என்ற பொதுவான எச்சரிக்கை பெரும்பாலும் இந்த வகையிலிருந்து பிறந்தது. இந்த வகைக்கு அது முற்றிலும் சரியான எச்சரிக்கை.

லைனர் லாக் வேறு விதமாகத் தேய்கிறது. 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் உருவாக்கிய அமைப்பு இது. பிடியின் உட்புறத் தகட்டிலேயே ஒரு நாக்கு வெட்டப்பட்டு, அலகு முழுதாகத் திறந்ததும் அது பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிக்குப் பின்னால் நின்றுகொள்ளும். பிடியின் ஒரு பக்கம் முழுவதையுமே அப்படி நாக்காக்கியது தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கிறிஸ் ரீவ். 'செபென்சா' என்ற அவரது கத்தி வழியாக ஃபிரேம் லாக் என்ற பெயரில் அது உலகெங்கும் போயிற்று. இரண்டிலும் தடுப்பாணி தனி, பூட்டு தனி. அடி முதலில் தடுப்பாணியில் விழுகிறது. ஆனால் அலகு அங்கேயே அடங்குவதில்லை. மயிரிழை பின்னோக்கித் துள்ளுகிறது. அதற்குள் நாக்கு அதன் பின்னால் பாய்ந்திருக்கும். துள்ளிய அலகு நாக்கின் முகத்தில் இடித்து அதை ஆப்புப் போல இறுக்கிவிடுகிறது.

அந்த நாக்கு டைட்டானியமாக இருந்தால் இன்னொன்றும் நேர்கிறது. அலகின் எஃகு ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை கடினமானது. கத்திகளில் வழக்கமாகப் பயன்படும் டைட்டானியக் கலவை 36 அளவில்தான் நிற்கிறது. மேலும், டைட்டானியம் தன்னோடு உரசும் உலோகத்தில் ஒட்டிப் பிய்யும் இயல்புடையது. பலமாகச் சுண்டித் திறந்தபின் பூட்டு ஒட்டிக்கொண்டு, விடுவிக்கக் கட்டைவிரல் வலிக்கத் தள்ள வேண்டியிருப்பது இதன் அறிகுறி. நாளடைவில் நாக்கின் முகம் தேய, நாக்கு ஒவ்வொரு முறையும் இன்னும் சற்று உள்ளே போய் நிற்கும். எதிர்ப்பக்கத் தகட்டைத் தொட்டுவிட்டால் மேலும் நகர இடமில்லை. அதற்குப் பிந்தைய தேய்மானம் முழுவதும் ஆட்டமாக வெளிப்படும்.

தயாரிப்பாளர்கள் இதற்கு மாற்றுக் கண்டிருக்கிறார்கள். நாக்கின் நுனியில் எஃகுத் துண்டு ஒன்றைத் திருகிவைப்பது இப்போது பல கத்திகளில் உண்டு. தேய்ந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். நாக்கின் முகத்தில் கார்பைடு பூச்சு ஏற்றுவது பழைய வழி. செபென்சாவின் 31 வகையில் நாக்கு நுனியில் பீங்கான் உருண்டை ஒன்று பதிக்கப்பட்டு, அதுவே அலகின் அடியைத் தொடுகிறது. இத்தகைய கத்தி கையில் இருப்பவருக்கும், வெறும் டைட்டானிய நாக்கு உள்ள கத்தி வைத்திருப்பவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. எஃகு முகம் உள்ள ஃபிரேம் லாக்கைக் கட்டைவிரலால் சுண்டித் திறப்பதில் கவலைப்பட ஏதுமில்லை. வெறும் டைட்டானியத்தைச் சுண்டலாம். உதறுவது வீண் தேய்மானம்.

பிடிக்குக் குறுக்கே ஓடும் எஃகுக் கம்பி ஒன்று அலகின் அடியில் உள்ள சரிவின்மேல் ஏறிப் பூட்டும் வகையை பெஞ்ச்மேட் நிறுவனம் 1998-இல் ஆக்சிஸ் என்ற பெயரில் அறிமுகம் செய்தது. இப்போது அந்த அமைப்பைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் செய்கின்றன. சுண்டித் திறப்பதற்கு இதைவிட ஏற்ற பூட்டு அரிது. சரிவு சற்றுத் தேய்ந்தாலும் கம்பி இன்னும் கொஞ்சம் மேலேறி அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். தடுப்பாணியும் தனியாகவே இருக்கிறது. பலவீனம் வேறிடத்தில்: கம்பியை முன்னே தள்ளும் இரண்டு மெல்லிய வளைகம்பி ஸ்பிரிங்குகள். கம்பியைப் பின்னிழுத்துப் பிடித்துக்கொண்டு அலகை வீசித் திறப்பதும், அதேபோல வீசி மூடுவதும் பலருக்குக் கைப்பழக்கம். ஒவ்வொரு முறையும் அந்த ஸ்பிரிங்குகள் முழுதாக வளைகின்றன. ஆயிரக்கணக்கான வளைவுகளுக்குப் பின் ஒன்று உலோகச் சோர்வால் ஒடியும். மற்றொன்று தொடர்ந்து வேலை செய்வதால் கத்தி உடனே செயலிழக்காது. ஒடிந்ததே தெரியாமல் போகக்கூடும் என்பதுதான் சிக்கல். கம்பி ஒரு பக்கம் தளர்வாகத் தோன்றினால் ஸ்பிரிங்கை மாற்றிவிட வேண்டும். விலை குறைந்த, எளிதில் மாற்றக்கூடிய உறுப்பு அது.

பூட்டே இல்லாத பழைய ஸ்பிரிங் கத்திகளில் கேள்வி தலைகீழாகிறது. முதுகு ஸ்பிரிங் ஒன்று மட்டும் அலகை அழுத்திப் பிடிக்கும் இந்தக் கத்திகளைச் சுண்டித் திறப்பது எளிதன்று. அதனால் திறக்கும்போது கெடுவது குறைவு. மூடும்போதுதான் கெடுகின்றன. பாதி மூடியதும் ஸ்பிரிங் அலகை இழுத்துச் சடக்கென்று உள்ளே அடிக்கும். அந்த ஓசை இனிமையானது. அதற்காகவே விரலை எடுத்து அலகை விட்டுவிடுகிறவர்கள் பலர். அலகின் அடியில், கூர் தொடங்குமிடத்துக்குக் கீழே ஒரு சிறு புடைப்பு ஸ்பிரிங்கில் மோதி நின்று, கூர் உள்ளே படாமல் காக்கிறது. அந்தப் புடைப்பு அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்தால் அலகு இன்னும் ஆழமாக இறங்கி, கூர் நேரே ஸ்பிரிங்கில் வெட்டுப்படும். தீட்டிய கத்தி பையில் கிடக்கும்போதே ஓரிடத்தில் மட்டும் மழுங்கினால் காரணம் இதுதான். பிரான்சின் லகியோல் வகைக் கத்திகளில் இது அதிகம் பேசப்படுவது; மூடும்போது அலகை விரலால் கடைசிவரை கூட்டிச்செல்ல வேண்டும் என்பது அங்கே கத்தியோடு சேர்த்துச் சொல்லித்தரப்படுகிறது. எல்லா ஸ்பிரிங் கத்திகளுக்கும் பொருந்தும் நல்ல பழக்கம்.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி இந்த வரிசையில் தனியானது. ஸ்பிரிங் இல்லை, மரம் அலகை இறுகப் பிடிக்கும் உராய்வுதான் எல்லாம். 1955-இல்தான் அதற்குச் சுழலும் பூட்டு வளையம் வந்தது. ஈரத்தில் மரம் ஊதி அலகு வெளியே வராமல் சிக்கிக்கொண்டால், பிடியின் பின்முனையை மேசையிலோ கல்லிலோ தட்டுவது சவோய் வழக்கம்; அதிர்ச்சியில் அலகு தலைநீட்டும். உழவர்கள் தலைமுறைகளாக அப்படித் தட்டியும் அந்தக் கத்தி கெடவில்லை. அடி விழுவது அச்சாணியிலோ பூட்டிலோ அல்ல, தடித்த மரத்தின் பின்முனையில். எங்கே அடி விழுகிறது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

ஸ்பிரிங் உதவியோடு தானாகத் திறக்கும் கத்திகளும், பட்டனை அழுத்தியதும் பாய்ந்து திறக்கும் கத்திகளும் ஒவ்வொரு முறையும் வேகமாகவே திறந்தாக வேண்டும். ஆகவே அவற்றின் தடுப்பாணியும் அச்சாணியும் அந்த அடியைக் கணக்கிட்டே செய்யப்படுகின்றன. அவற்றில் ஸ்பிரிங்கின் வேகத்தோடு மணிக்கட்டின் உதறலையும் சேர்ப்பதுதான் தவறு. பிலிப்பைன்ஸின் பட்டாங்காஸ் மாகாணத்துக்குப் பெயர்வாங்கித் தந்த பாலிசாங் கத்தியைச் சுழற்றி விளையாடுபவர்கள் இன்னொரு வழியில் போயிருக்கிறார்கள்: புஷ், வாஷர், ஆணி ஆகியவை தேயத்தான் போகின்றன என்று ஏற்றுக்கொண்டு, அவற்றைக் கழற்றி மாற்றும்படி கத்தியை அமைக்கிறார்கள்.

பிடியின் பொருளும் முக்கியம். எஃகுத் தகடு உள்ளே ஓடும் பிடியில் தடுப்பாணியின் இரு முனைகளும் எஃகில் உட்கார்ந்திருக்கும். தகடு இல்லாத பிளாஸ்டிக் பிடியிலோ மலிவான அலுமினியப் பிடியிலோ ஆணி எவ்வளவு கடினமானாலும் பயனில்லை. அது உட்கார்ந்திருக்கும் குழி அகன்றுவிடும். விலை குறைந்த கத்திகள் சில வாரச் சுண்டலிலேயே தளர்வதற்கு இதுவே முதல் காரணம். அத்தகைய கத்தியைக் கொண்டு எல்லாக் கத்திகளையும் எடைபோடுவது முறையன்று.

ஆட்டத்தைவிட ஆபத்தான ஒரு தேய்மானம் உண்டு. அது அதிகம் கவனிக்கப்படுவதில்லை. லைனர் லாக், ஃபிரேம் லாக் கத்திகளில் நாக்கின் உட்புறம் ஒரு சிறு உருண்டை பதிந்திருக்கும். கத்தி மூடியிருக்கும்போது அது அலகின் அடியில் உள்ள குழியில் விழுந்து, அலகு தானாக வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். சுண்டலுக்கு உயிர் கொடுப்பதும் இந்தப் பிடிப்பே: விரலின் அழுத்தம் சேர்ந்து சேர்ந்து, உருண்டை குழியை விட்டு எழும் கணத்தில் மொத்தமாக விடுபட்டு அலகை வீசுகிறது. ஆயிரமாயிரம் முறை அப்படி எழும்போது குழியின் ஓரம் மழுங்குகிறது. உருண்டை ஓடிய வழி அலகின் அடியில் ஒரு வில்வரியாகத் தெரியும். அந்தக் கீறல் வெறும் தோற்றக் குறைதான். குழி மழுங்கினால் மட்டும் அது உயிர் ஆபத்து. மூடிய நிலையில் லேசாக உலுக்கினால் அலகு எட்டிப் பார்க்கும் கத்தி, பையிலும் எட்டிப் பார்க்கும். அங்கே கை நுழையும்போது காத்திருப்பது கூர்.

தளர்ந்த கத்திக்குச் சட்டச் சிக்கலும் நேர்ந்ததுண்டு. நியூயார்க் மாநிலத்தில் 1950-களில் இயற்றப்பட்ட சட்டம், ஈர்ப்பு விசையாலோ சுழற்றி வீசும் விசையாலோ திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. காவலர் கையில் எடுத்து உதறிப் பார்ப்பார், திறந்தால் கைது. கடையில் வெளிப்படையாக விற்கப்பட்ட சாதாரண வேலைக் கத்திகளை வைத்திருந்த கட்டடத் தொழிலாளர்களும் மின்பணியாளர்களும் ஆயிரக்கணக்கில் அதில் சிக்கினார்கள். புதிதில் உதறித் திறக்காத கத்தி, புழங்கித் தளர்ந்தபின் திறக்கும். உதறுபவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தும் முடிவு மாறும். 2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அந்தச் சட்டம் தெளிவற்றது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம் ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோவின் கையெழுத்தோடு அந்தத் தடை நீக்கப்பட்டது. ஒரு கத்தியின் அச்சாணித் திருகு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒருவர் குற்றவாளி ஆவது அநியாயம். அந்த அநியாயம் அறுபதாண்டு நீடித்தது.

சுண்டலைவிடக் கத்தியைக் கெடுப்பது அழுக்கு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பைக்குள் சேரும் பஞ்சும் மணல் துகளும் அச்சாணிக்குள் போய், எண்ணெயோடு கலந்து அரைக்கும் பசையாகின்றன. வெண்கல வாஷர் இதை ஓரளவு பொறுக்கும். துகள் வாஷருக்குள் பதிந்துவிடும். உருண்டை பேரிங்கில் ஓடும் கத்திகள் வழுக்கலாகத் திறந்தாலும், டைட்டானியத்தின்மேல் நேரடியாக ஓடும் எஃகு உருண்டைகள் அதில் பள்ளமிடும். இடையே கடின எஃகு வாஷர் இருப்பதே நல்ல அமைப்பு. எண்ணெய் மிகையானால் தூசியை இழுக்கும், துளியளவு போதும். திருகு தளர்ந்த கத்தியைத் தொடர்ந்து சுண்டுவது தேய்மானத்தை விரைவுபடுத்தும் உறுதியான வழி. இடைவெளி கிடைத்தால் அலகு மோதுவதற்கு முன் வேகம் எடுக்கிறது, மோதும் ஒவ்வொரு முறையும் இடைவெளி இன்னும் அகல்கிறது. ஆகவே அச்சாணித் திருகை அவ்வப்போது பார்ப்பதும், கழற்றக்கூடிய வகையிலான நீல நிறத் திருகுப் பசையை மரையில் ஒரு பொட்டு வைப்பதும் அவசியம்.

சோதிக்கும் முறை எளிது. கத்தியை முழுதாகத் திறந்து, பிடியை ஒரு கையால் இறுகப் பற்றி, மறு கையின் இரு விரலால் அலகின் முதுகைக் கிள்ளிப் பிடித்து இடம் வலமாக அசைக்க வேண்டும். அசைந்தால் திருகை இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். பின்பு மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். அது அசைந்தால் தேய்ந்திருப்பது பூட்டோ தடுப்பாணியோ அச்சாணித் துளையோ. திருகி இறுக்குவதால் போகாது. திறந்த நிலையில் பூட்டு நாக்கு எங்கே நிற்கிறது என்பதைப் புதிதில் ஒருமுறையும் சில மாதங்களுக்கு ஒருமுறையும் படம் எடுத்து ஒப்பிட்டால் நகர்வு தெரிந்துவிடும். அலகின் முதுகை மேசை விளிம்பில் ஓங்கி அடித்துப் பூட்டைச் சோதிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அந்த அடி எந்தச் சுண்டலையும் விடக் கடுமையானது. நன்றாக இருந்த பூட்டை அதுவே கெடுத்துவிடும். பூட்டு நழுவினால் அலகு விரல்களின்மேல் மடங்கும்.

சில தயாரிப்பாளர்கள் உதறித் திறப்பதால் வரும் தேய்மானத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று எழுதியே தருகிறார்கள். அதைத் தப்பிக்கும் வழி என்று கொள்ள வேண்டியதில்லை. மெல்லத் திறப்பதற்கென நுண்ணிய இடைவெளிகளோடு பொருத்தப்பட்ட கத்திக்கும், ஃபிளிப்பர் காது வைத்துச் சுண்டுவதற்கென்றே விற்கப்படும் கத்திக்கும் உள்ள வேறுபாட்டை அந்த வரி சொல்கிறது. கத்தியோடு வரும் சீட்டைத் தூக்கி எறிவதற்கு முன் வாசிப்பது நல்லது.

மேலும் கீழும் ஆடத் தொடங்கிய கத்தியைத் தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்பலாம். பெரிய தடுப்பாணியோ புதிய எஃகு முகமோ பொருத்தி அவர்களால் பலவற்றைச் சரிசெய்ய முடியும். ஆணி அடித்துப் பரப்பிய பழைய கத்திகளை வீட்டில் சுத்தியலால் தட்டி இறுக்க முயல்வது ஆட்டத்தைக் குறைத்து அலகைச் சிக்கவைப்பதிலேயே பெரும்பாலும் முடியும். சரிசெய்ய வழியில்லாத கத்தியைக் கூர் கீழ்நோக்கி அழுந்தும் சிறு வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்த அழுத்தம் அலகைத் திறக்கும் பக்கமே தள்ளும். நுனியால் குத்தித் துளையிடும் வேலைக்கும், அலகை முறுக்கி நெம்பும் வேலைக்கும், முதுகில் தட்டிப் பிளக்கும் வேலைக்கும் அதை எடுக்கக் கூடாது. அவை அலகை மூடும் பக்கம் தள்ளுகின்றன. அங்கே கையைக் காப்பது பூட்டு ஒன்றுதான்.